ஒரு முழத்துக்கு மேல் வளராது

"இது என்ன தொட்டியா, தீப்பெட்டியா?" என்று எகிறினார் வளர்ப்புப் பிராணி ஆய்வாளர். கண்ணாடிக்குள் இகுவானா என்ற பெரிய ஓணான் வாலை மடக்கி முடங்கிக் கிடந்தது. "பாவம், திரும்பக்கூட இடமில்லை. விதிமுறைன்னு ஒண்ணு இருக்கிறது தெரியுமா, தெரியாதா?"

அந்த வீட்டு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதான் சார். வாங்கினப்போ பென்சில் மாதிரிதான் இருந்துச்சு. ஒரு முழத்துக்கு மேல வளராதுன்னு கடைக்காரர் அடிச்சு சொன்னார். நம்பிட்டேன்."

ஆய்வாளரின் குரல் சட்டென்று இறங்கியது. போகிற வீடெல்லாம் இதே பதில்தான். போகிற வீட்டிலெல்லாம் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்டார்.

"அந்தக் கடைக்காரர் முகம் ஞாபகம் இருக்காம்மா?"

இதுவரை எல்லோரும் உதட்டைப் பிதுக்கித்தான் இருக்கிறார்கள்.

அந்த அம்மா தலை நிமிராமல், தொட்டியைத் துடைத்தபடியே சொன்னார்.

"இருக்கு சார். அப்போ நீங்க மீசை வெச்சிருந்தீங்க."