கும்மிருட்டு

"மருந்து போடாத செல் தட்டையும் பக்கத்துல வைக்கலாம்ங்க. அது பச்சையா மினுக்குறதைப் பார்த்தாத்தானே இது அணைஞ்சது அவருக்குப் புரியும்?"

"வேண்டாம்மா. ரெண்டைக் காட்டினா இருபது கேள்வி வரும்" என்றான் கணவன்.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவன் அவன். செல்களை வளர்த்து, வேளாவேளைக்குத் தீனி போட்டு, கண்ணுக்குள் வைத்துக் காப்பவள் மனைவி. சோதிக்க வந்திருக்கும் பெரியவர் இன்று தலையாட்டாவிட்டால் கூடத்தையே இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

இருவரும் இருட்டறைக்குள் நுழைந்தார்கள். தட்டு ஏறியிருந்த மைக்ராஸ்கோப் முன்னால் பெரியவர் சப்பணமிடாத குறையாகச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், இந்தச் செல்கள் மேல மைக்ராஸ்கோப்போட நீல விளக்கு வெளிச்சம் பட்டா பச்சையா மினுக்கும். அப்படி மினுக்க வைக்கிற ஜீனோட வாயை, ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை உள்ளே அனுப்பி அடைச்சிருக்கோம். நாளைக்கு நோய் கொடுக்குற ஜீனையும் இதே மாதிரி அடக்கலாம்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"ஒண்ணுமே தெரியலையே, தம்பி."

"அதுதான் சார் வெற்றி!"

"கும்மிருட்டா இருக்கு."

"ரொம்ப நன்றி சார்."

"எனக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

கணவன் பார்த்தான். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு அடங்கிடுச்சு சார். ஓரத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு லேசா மினுக்குது. அதையும் அடுத்த தடவை அடக்கிடுவோம்."

"நீங்க பாருங்கம்மா."

மனைவி பார்த்தாள். தட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அந்த ஒண்ணு ரெண்டு எனக்குத் தெரியலை சார். எதுவுமே தெரியலை. ஏதோ சரியில்லைன்னு தோணுது."

கணவன் அவளை எரித்துவிடுவதுபோல முறைத்தான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கூடத்தை மூட வேண்டாம்" என்றார்.

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ரொம்ப சந்தோஷம் சார்!"

"ஆனா இனிமே இதுக்குத் தலைவர் இந்த அம்மாதான்."

"ஏன் சார்?"

"நீங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருந்தப்பவே அந்த நீல விளக்கை நான் அணைச்சுட்டேன், தம்பி."