டாக்டருக்கு ஒரு வேட்டி

"ஊருக்கெல்லாம் பட்டு நெய்யுற கை. நம்ம பொண்ணு உசுரைக் காப்பாத்தின டாக்டருக்கு மட்டும் நூல் வேட்டியா?" தறியை விட்டு எழுந்த கணவனிடம் பொரிந்தாள் லோகாம்பாள்.

"அவருக்கு இதான் சரி" என்றார் கண்ணாயிரம்.

"ஒரு ஜரிகைக் கரைகூட இல்ல. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பேசாம வா."

அவளோ பெட்டியில் இருந்த பட்டு வேட்டி ஒன்றைப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நூல் வேட்டியைப் பிரித்த டாக்டர், அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். லோகாம்பாளுக்கு மானம் போயிற்று. அவள் கை மெல்லப் பைக்குள் நுழைந்தது.

"எல்லாரும் பட்டாவே குடுக்கறாங்கம்மா. அத்தனையும் பீரோவுல தூங்குது. எங்க மார்க்கத்துல ஆம்பளைங்க பட்டு கட்டறது ஹராம். இவர் ஒருத்தர்தான் அதை விசாரிச்சு நெய்ஞ்சிருக்காரு. ரம்ஜான் தொழுகைக்கு இதைத்தான் கட்டிக்கினு போவேன்" என்றார் டாக்டர் ஹபீபுல்லா.

கண்ணாயிரம் கைகூப்பினார். "எங்க பொண்ணு மறுபடியும் ஓடியாடுதுங்க. அதுக்கு முன்னால இது என்ன பெருசு?"

லோகாம்பாளும் கும்பிட்டாள், பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு.