அசல் வேண்டாம்

"தடையாணை வந்துட்டார், மேடம்" என்றார் தட்டச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அதிகாரிக்குத் தலையை நிமிர்த்தாமலே தெரிந்துவிட்டது. எதிரே இருக்கும் மலையில் கல் வெட்டும் குத்தகை ஏலத்துக்கு வருகிறதென்றால், அந்த லாரிக்காரரும் வந்து நிற்பார். விண்ணப்பம் தருவார். தகுதி இல்லை என்று அது தள்ளுபடியாகும். மறுநாளே கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிடுவார். வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஏல அறிவிப்பே காலாவதியாகிவிடும்.

இப்படி மூன்று தடவை. அவருடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்று தடவையும் ஒரே தவறுதான். உறுதிமொழிப் பத்திரத்தின் அசலை வைக்காமல், நகலை மட்டும் வைத்திருப்பார். ஒரு மனுஷன் ஒரே பள்ளத்தில் எத்தனை தடவைதான் விழுவான்?

இந்தத் தடவை அதிகாரிக்கு அவரை நினைத்துப் பரிதாபம், தன்னை நினைத்துப் பயம். இவ்வளவு சின்னக் குறைக்கா ஆளைத் தள்ளுவீர்கள், எடுத்துச் சொல்லக் கூடாதா என்று போன தடவை நீதிபதி கடிந்துகொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வேறு வந்தது. இன்னொரு தடையாணை வந்தால் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான்.

மணி இரண்டு நாற்பது. மூன்று மணிக்கு விண்ணப்பம் வாங்குவது முடிந்துவிடும்.

மதியச் சோம்பலில் அலுவலகமே கண் சொருகிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பாதி மலை. வெட்டி எடுத்த மற்றப் பாதியின் குழியில் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. அதன் வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதுபோல் அதிகாரிக்குத் தோன்றும். அந்த நினைப்பு அவருக்குப் பிடித்தும் இருந்தது.

லாரிக்காரர் விண்ணப்பத்தை நீட்டினார். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வழக்கம்போல நகல்தான்.

அசல் எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் இருக்கிறது என்றார். ஆனால் தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து முத்திரைத்தாளின் ஓரம் எட்டிப் பார்த்தது.

அதிகாரி கையை நீட்டி அதை உருவினார். "அப்போ இது என்னவாம்?" என்று சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். "இனிமே உங்களை யாரும் தள்ள முடியாது. நிம்மதியா ஏலம் கேளுங்க."

லாரிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், அதைக் கழட்டிடுங்க."

"ஏன்?"

"அது இருந்தா எனக்குத் தகுதி வந்துடும்."

வெயிலில் வந்ததில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அதிகாரி நினைத்தார். லாரிக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

"அந்த மலையில பாதி என் லாரியிலதான் போச்சு மேடம். இருபது வருஷம் ஏத்தினேன். இப்போ கண்ணை மூடினா மிச்சப் பாதி தானா வந்து லாரியில ஏறி உட்கார்ந்துக்குது. எங்கே கூட்டிட்டுப் போறேன்னு கேக்குது. எனக்குப் பதில் சொல்ல வரல."

"கனவுக்கும் ஏலத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"மிச்சம் இருக்கற பாறைதான் அந்தத் தண்ணியைத் தாங்கி நிக்குது. அதுக்குக் கீழே எங்க தெரு. நூறு வீடு. பாறையை வெட்டினா தண்ணி எங்கே போகும்?"

நீங்களே ஏலம் எடுத்து வெட்டாமல் விட்டுவிடலாமே என்றார் அதிகாரி. மற்றவர்கள் கேட்கும் தொகைக்கு முன்னால் ஒற்றை லாரி வைத்திருக்கும் தான் எம்மாத்திரம் என்று அவர் சிரித்தார்.

"சரி, இதை ஒரு மனுவா எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"நாலு குடுத்தேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார். 'மனுதாரர் குத்தகையால் பாதிக்கப்படும் நபர் அல்லர். மனு முடித்துவைக்கப்படுகிறது.' கீழே அதிகாரியின் கையெழுத்து.

ஒரு நாளைக்கு நாற்பது தாளில் கையெழுத்துப் போடுகிறவர். இதைப் படித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. வெட்கமாக இருந்தது.

"தெருக்காரனா வந்தப்போ, நான் பாதிக்கப்பட்டவன் இல்லைன்னீங்க. ஏலத்துல தள்ளுபடி ஆனவனாப் போனேன், பாதிக்கப்பட்டவன்னு கோர்ட் ஒரே நாள்ல ஒத்துக்கிச்சு. எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான் மேடம்."

மணி இரண்டு ஐம்பத்தாறு.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். கூரையில் தண்ணீர் வெளிச்சம் அதேபோல் அசைந்துகொண்டிருந்தது. இப்போது அதன் அடியில் நூறு வீடுகள் தெரிந்தன. ஏதோ ஒரு வாசலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனுவைத் தானே மறுபடியும் எடுத்து மேலே அனுப்புவதாகச் சொன்னார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார் லாரிக்காரர்.

"எங்க ஆபீஸ் உங்களுக்குத் தெரியாததா? எப்படியும் ஒரு வருஷம் ஆகும்."

சொல்லிவிட்டுக் குண்டூசியைக் கழற்றினார். அசலை மடித்து அவருடைய பைக்குள்ளேயே ஆழமாகச் செருகினார். 'அசல் இணைக்கப்படவில்லை. தகுதி இல்லை' என்று எழுதி, முத்திரையை அழுத்தினார்.

லாரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குக் கோர்ட்டுல உங்களைத்தான் மேடம் குத்தம் சொல்லணும். மனசே வரல."

அதிகாரி பேனாவை மூடினார்.

"போன தடவை உங்க வக்கீல் ரொம்ப வழவழன்னு எழுதியிருந்தார். இந்தத் தடவை என்னை நல்லாத் திட்டி எழுதச் சொல்லுங்க."