சந்தனம் பூசிய தீயணைப்பான்

இருட்டிய பிறகு, வீடு போல அமைத்த அந்தச் சுற்றுலா வேனுக்குள் 'ஸ்ஸ்... ஸ்ஸ்' என்று ஒரு விநோதச் சத்தம் கேட்டது. கதவோரம் மாட்டியிருந்த தீயணைப்பான் பயந்துபோய், "அடுப்பு, என்ன அது?" என்றது.

"பாப்பா துண்டை எனக்கு மேல காயப் போட்டிருக்காங்க. ஈரம் சொட்டுது. உனக்கென்னடா, ஆயுத பூஜைக்குப் பூசின சந்தனத்தோட சாமி மாதிரி தொங்கு. உள்ளே சரக்கு இருக்கோ இல்லையோ."

தீயணைப்பானுக்குச் சுருக்கென்றது. அழுத்தம் காட்டும் முள்ளைத்தான் சந்தனம் மூடியிருந்தது. உள்ளே தெம்பு மிச்சம் இருக்கிறதா என்று அதற்கே தெரியாது.

பாப்பாவின் அம்மா மேகலா குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும் நேரத்தில், அதற்குள் காய்ந்துவிட்ட துண்டு நழுவி எரியும் அடுப்பில் விழுந்தது. தீ ஜன்னல் திரைக்குத் தாவியது.

"அண்ணே, காப்பாத்துண்ணே," என்று அடுப்பு கெஞ்சியது.

மேகலா குழந்தையைக் கணவனிடம் கொடுத்து வெளியே அனுப்பினாள். கதவோரம் நின்றபடியே தீயணைப்பானை எடுத்து, கட்டை விரலால் சந்தனத்தைத் தேய்த்தாள். முள் பச்சையில் நின்றது. பிடியில் செருகியிருந்த ஊசியை இழுத்து, தீயின் அடியைப் பார்த்துப் பீய்ச்சினாள். வெள்ளைத் தூளுக்குள் தீ அடங்கிப்போனது.

அடுப்பின் கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, தூளையெல்லாம் பெருக்கித் தள்ளினாள். பிறகு காலியான தீயணைப்பானை மடியில் வைத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். "நாளைக்கு முதல் வேலை உன்னை நிரப்புறதுதான்."

"அதுவரைக்கும் நான் பத்தவே மாட்டேண்ணே," என்றது அடுப்பு.

"பாப்பாவுக்குப் பால்?"

"வழியில டீக்கடை இல்லையா என்ன?"

கணவன் குழந்தையோடு ஏறி வந்தான். மேகலா தீயணைப்பானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதவை உள்ளே தாழிட்டாள்.