பார்னபி செத்த படம்

"என்னய்யா ஃபேரன்ட், கொம்பு எங்கே? பெருசா போடுய்யா!"

ஓவியர் ஃபேரன்ட் தூரிகையைக் கீழே வைத்தார். "அந்த மானுக்குக் கொம்பே கிடையாதுங்க. நாய்களைக் குத்திடும்னு நீங்கதானே வருஷா வருஷம் அறுக்கச் சொல்றீங்க?"

"அது கொட்டகையில. இது ஓவியம்!"

படத்தை வரையச் சொன்ன சர் ஆம்ப்ரோஸ், இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு வேட்டைக் கழகத்தின் தலைவர். வீர வேட்டை. வாரா வாரம் ஒரே மானை வண்டியில் ஏற்றி வந்து அவிழ்த்துவிடுவார்கள். வேட்டை நாய்களும் நாற்பது குதிரைகளும் துரத்தும். பிடித்ததும் மறுபடி வண்டி, கொட்டகை, ஓட்ஸ். ஆறு வருஷமாக அதே மான்தான். பெயர் பார்னபி.

இந்த வருஷம் பார்னபிக்கு மூச்சு வாங்கியது. 'சும்மா தீனி போட முடியுமா? கடைசி ஓட்டத்தில் நாய்களுக்கு விட்டுவிடலாம்' என்று கழகம் முடிவெடுத்தது.

ஆனால் அந்தக் கடைசி ஓட்டத்தில் சர் ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டார். ஆற்றங்கரையில் தானே மானின் கழுத்தை அறுத்ததாகவும், உடலை ஆறு அடித்துக்கொண்டு போனதாகவும் சொன்னார். கழகம் கைதட்டியது. அந்தக் காட்சியை வரைந்து கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம்.

"இந்த வேலியை நான் தாண்டுற மாதிரி இருக்கட்டும்."

"மத்தவங்கதான் தாண்டினாங்க. நீங்க பாலத்து வழியா குறுக்கே போனதை நானே பார்த்தேன்."

"படத்துல பாலம் எதுக்குய்யா? என் கையில கத்தியைக் கொடு. கழுத்துல ரத்தம் கொட்டணும்."

ஃபேரன்ட் எழுந்துவிட்டார். "மன்னிக்கணும். இருபது வருஷமா பார்த்ததைத்தான் வரையறேன். அந்த ஒரு பேரை வச்சுத்தான் பிழைக்கிறேன். கத்தியையும் பார்க்கல, ரத்தத்தையும் பார்க்கல. உங்க பெருமைக்கு என் கையெழுத்தைக் கேக்காதீங்க. வேற ஆளைப் பாருங்க."

சர் ஆம்ப்ரோஸின் முகம் சிவந்தது. ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, "வாய்யா" என்று நடந்தார். ஃபேரன்ட் பின்னால் போனார்.

வீட்டுக்குப் பின்னால் உயரமான மதிலுக்குள் காய்கறித் தோட்டம். கதவைத் திறந்ததும், முட்டைக்கோஸ் பாத்தியின் நடுவிலிருந்து பார்னபி நிமிர்ந்து பார்த்தது. வாய் நிறைய இலை.

"மத்தவங்க வர்றதுக்குள்ள ஆத்தங்கரை ஆலையில ஒளிச்சு வச்சேன். அப்புறம் வைக்கோல் வண்டியில கொண்டாந்தேன்" என்றார் சர் ஆம்ப்ரோஸ், பிடிபட்ட திருடனைப் போல.

"நல்ல காரியம்தானே ஐயா! கழகத்துல சொல்லிடலாமே?"

"கொன்னேன்னு சொன்னேன், கைதட்டினாங்க. பாவம் பார்த்தேன்னு தெரிஞ்சா, என் முகத்துலயே முழிக்க மாட்டாங்கய்யா."

உள்ளே திரும்பியதும் ஃபேரன்ட் சிவப்பு வண்ணத்தைக் குழைத்தார்.

"ரத்தம் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, ஐயா."