பூட்டுக்காரர் ஃபோல்டர்

“ஐயோ, அதை மட்டும் தொடாதீங்க சார்! தொட்டா இன்னைக்கு ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போகாது!”

அவள் போட்ட சத்தத்தில் லிஸ்ட்காரரின் விரல் டெலீட் பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. அது ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் என்று ஆள் இல்லாத ஃபோல்டர்களைத் துடைத்தெடுக்க, லிஸ்ட்டும் கையுமாகத் தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்தார் அவர். பதினாறு ஃபோல்டர் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன. பதினேழாவதில்தான் இந்தக் கூப்பாடு.

“மேடம், இவர் பிப்ரவரியிலேயே தவறிட்டார்னு லிஸ்ட்ல இருக்கே. அப்புறம் இந்த ஃபோல்டர் யாருக்கு?”

“யாருக்கும் இல்ல சார். சாஃப்ட்வேருக்கு.”

லிஸ்ட்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஆள் ஒருத்தி. அந்த இன்னொரு நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவரை லேபே பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. நோயாளிகளின் ரிப்போர்ட்டை அடுத்தவர் கண்ணில் படாமல் பூட்டி அனுப்பும் வேலை அவருடையது. தன் ஃபோல்டருக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்ட குசும்புக்காரர்.

அவர் போனபிறகு அந்த அறையில் அவளோடு பேச ஃபேன் மட்டும்தான் இருந்தது. வீட்டிலும் அதே கதை. கதவை அவளே திறந்து, விளக்கையும் அவளே போட வேண்டும்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம்.”

“பூட்டுப் போடுறதுக்கு லைப்ரரின்னு ஒரு குட்டி புரோகிராம் தனியா இருக்கு சார். காலைல சாஃப்ட்வேரைத் திறந்ததும் அது முதல்ல ஒரு செட்டிங்ஸ் ஃபைலைத் தேடும். எந்தப் பூட்டு, எவ்வளவு நீளச் சாவி, எல்லாம் அதுலதான். அந்த ஃபைல் இவர் ஃபோல்டருக்குள்ள இருக்கு.”

“கம்பெனி ஃபைலை எவனாவது சொந்த ஃபோல்டர்ல கொண்டுபோய் வெப்பானா?”

அவளுக்குச் சுருக்கென்றது.

லிஸ்ட்காரர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஃபோல்டரின் பெயரைச் சும்மா மாற்றிவிட்டு சாஃப்ட்வேரைத் திறந்தார். ‘செட்டிங்ஸ் ஃபைல் கிடைக்கவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு அது படுத்துக்கொண்டது. அதற்குள் வெளியே கவுண்டரில் யாரோ குரலை உயர்த்தினார்கள்.

பழைய பெயரை வைத்து மறுபடி திறந்தார். ‘பூட்டுக்காரர் ஃபோல்டரிலிருந்து செட்டிங்ஸ் ஏற்றப்படுகிறது’ என்று திரையில் முதல் வரி வந்தது. இரண்டு நொடி நின்று மறைந்தது. அந்த இரண்டு நொடியும் அவள் கண் இமைக்கவில்லை.

லிஸ்ட்காரர் ஃபோல்டருக்குள் நுழைந்தார். அவள் சொன்ன மாதிரியே செட்டிங்ஸ் ஃபைல் இருந்தது. உருவான தேதி இந்த வருஷம் ஜூன் பதினாலு, அளவு துளியூண்டு. அதற்குக் கீழே பூட்டுக்காரர் அவளுக்கு எழுதிப்போட்ட துண்டுக் குறிப்புகள் வரிசையாக நின்றன. ‘டீ ஆறுது, வா.’ ‘இன்னைக்கும் சாப்பிடலையா நீ?’ ‘நாளைக்கு நான் லீவு. அறையைப் பார்த்துக்கோ.’

“இந்த ஒரு ஃபைலை வேற இடத்துக்கு மாத்திட்டு, மிச்சத்தை அழிச்சிடலாமே மேடம்? அஞ்சு நிமிஷ வேலை.”

“மாத்தலாம் சார்... ஆனா...”

பக்கத்து மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லிஸ்ட்காரர் திரையை மேலிருந்து கீழ் வரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பதினேழாவது பெயருக்கு எதிரே ‘அழிக்கக் கூடாது’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

“அடுத்த வருஷம் வேற ஆள் வருவார். அதுக்குள்ள அந்த ஃபைலோட தேதியை பிப்ரவரிக்கு முன்னாடி மாத்தி வெச்சிருங்க, அக்கா.”