கை கழுவியவர்

திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குழாயடியில் பாக்கியநாதன் மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். நகக்கண்ணில் அப்பியிருந்த பழுப்புத் தூள் போவேனா என்றது.

"இன்னாய்யா, ஏசுவ சிலுவைக்கு அனுப்புன பிலாத்து கணக்கா கையக் கழுவிக்கினே கீறே?" என்றாள் மனைவி விக்டோரியா. அவர் சட்டைப் பையில் ஒட்டியிருந்த காய்ந்த பூவிதழைச் சுண்டிவிட்டாள். "உள்ள போயி நெஜத்தச் சொல்லு. மத்தத கர்த்தர் பாத்துப்பாரு."

சொல்வது சுலபம். சம்பளம் வாங்குகிற இடத்துக்கு எதிராகச் சொல்ல வேண்டியவருக்குத்தானே அதன் கஷ்டம் தெரியும்?

பாக்கியநாதன் காக்களூரில் ஒரு சாயக் கம்பெனியில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட் ஆபரேட்டர். கம்பெனி, முன்னாள் அமைச்சரின் மைத்துனருடையது. அமைச்சரே வந்து ரிப்பன் வெட்டித் திறந்த பிளான்ட் ஒரு நாள்கூட ஓடவில்லை, சாயத் தண்ணீர் அப்படியே கால்வாயில் போகிறது, அமைச்சருக்கும் இது தெரியும் என்று சட்டசபையில் புகார் வெடித்தது. அதை விசாரிக்கத்தான் எம்.எல்.ஏ.க்கள் குழு வந்திருந்தது.

புகார் அத்தனையும் நிஜம். பக்கத்து வீட்டுக் குழந்தை பூமிகா அந்தத் தண்ணீர் பட்டு உடம்பெல்லாம் புண்ணாகிச் சொறிந்துகொண்டே அழும்போது, சாப்பிடுகிற சோறு பாக்கியநாதனுக்கு உள்ளே இறங்காது. அந்தப் புண்ணில் தனக்கும் பங்கு உண்டு என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் மகள் ஏஞ்சலினும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். "பாத்துப் பேசு பாக்கியம். பொண்ணு வேலையில நீடிக்கணும்ல?" என்று மேனேஜர் சந்திரமோகன் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்புக்கு அறைந்திருந்தால்கூடத் தேவலை.

உள்ளே கூப்பிட்டார்கள். கடவுள் அறிய உண்மையே சொல்வதாக உறுதிமொழி வாங்கிக்கொண்டு, குழுத் தலைவர் பரசுராமன் கேட்டார்.

"பிளான்ட் ஓடுதா?"

"ஓடுது சார்."

"தினமுமா?"

"தினமும்தான் சார். காத்தால வந்ததும் என் கையாலதான் வால்வு சக்கரத்தத் திருப்பித் தண்ணியத் தொறந்து உடுவேன். ஒரு நாள் தப்பாது."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

சாமி பேரைச் சொல்லிவிட்டுப் பொய் சொல்வது மகா பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்கிறவர் அவர். "ஆமா சார்" என்றார்.

சந்திரமோகன் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசி வரிசையில் இருந்த விக்டோரியா எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே வந்தவரிடம், "அந்தப் பூமிகா புள்ள மூஞ்சில எப்டிய்யா முழிப்பே?" என்று மட்டும் கேட்டாள்.

"சரி, நேர்லயே பாத்துருவோம்" என்றபடி தலைவரும் குழுவும் வெளியே வந்தார்கள். கார்கள் காக்களூருக்குக் கிளம்பின. பாக்கியநாதனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பிளான்ட், கல்யாண வீடு போல் இருந்தது. புதுப் பெயின்ட், வாசலில் கோலம், உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பெருமை தாங்காமல் முன்னால் நடந்த சந்திரமோகன், வால்வுச் சக்கரத்துக்கு அருகில் வந்ததும் சட்டென்று நின்றார்.

சக்கரத்தில் ஒரு சாமந்தி மாலை, காய்ந்து சருகாகித் தொங்கியது.

ஆயுத பூஜை வந்தால் காக்களூரில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேச்சே கிடையாது. எல்லோருமாகச் சேர்ந்து எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து மாலை கட்டுவார்கள். ஓடுகிற மெஷினில் மாலை மறுநாளே அறுந்துவிடும். இந்த மாலையோ சக்கரத்தையும் குழாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டியபடியே இருந்தது. இப்போது மாசி மாதம்.

தலைவர் நூலைத் தொட்டுப் பார்த்தார். "தினமும் திருப்புற சக்கரத்துல ஆயுத பூஜை மாலை எப்படி சார் அறுபடாம இருக்கு?"

சந்திரமோகனுக்கு வியர்த்து ஊற்றியது.

அன்றைக்கே பிளான்டுக்கு சீல் வைத்தார்கள். முன்னாள் அமைச்சரை நேரில் அழைப்பது என்று முடிவானது. பொய் சாட்சி சொன்னதற்கு விளக்கம் கேட்டு பாக்கியநாதனையும் மறுபடி கூப்பிடுவார்களாம்.

சந்திரமோகன் அவரை ஓரமாக இழுத்தார். "அந்த மாலையக் கழட்டித் தொலைன்னு நேத்தே சொன்னேனேய்யா!"

"மறந்துட்டேன் சார்."

"வாயால காப்பாத்திட்டு, மறதியால கவுத்துட்டியே பாவி! சரி விடு, நீ இன்னா வேணும்னேவா பண்ணே?"

கம்பெனி கேட்டுக்கு வெளியே விக்டோரியா காத்திருந்தாள். விஷயம் அவளுக்கு அதற்குள் எட்டிவிட்டிருந்தது. "நீ சொல்லாத நெஜத்த அந்த மாலை சொல்லிடுச்சு பாரு. கழட்டாம மறந்தியே, அது கர்த்தர் செஞ்சதுய்யா" என்றாள்.

பாக்கியநாதன் தன் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நேத்தே கழட்டிட்டேன்டி... காத்தால குப்பையிலேர்ந்து எடுத்தாந்து நான்தான் திரும்பக் கட்டினேன்."